ஏரிக்கரையில் எல்லைக்கல் எங்கே?

செம்பரம்பாக்கம் ஏரிக்கும் கோட்டுச்சேரிக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அங்கே நடந்தது நாளை இங்கே நடக்கக் கூடியது. ஆகவேதான் இதை எழுதுகிறோம்.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில், அந்த ஏரிக்கு அருகே, குயின்ஸ்லாண்ட் என்ற கேளிக்கைப் பூங்கா எழுந்தது. அதன் மதிலுக்குள் பாப்பான்சத்திரம் காசி விஸ்வநாதர், வேணுகோபால சுவாமி கோயில்களுக்குச் சொந்தமான 21 ஏக்கர் நிலமும் அடக்கம். அந்த நிலத்தின் குத்தகை 1998இல் முடிந்துவிட்டது. ஆனால் நிலம் கோயிலுக்குத் திரும்பவில்லை. நோட்டீஸ், பதில், வழக்கு என்று காலம் ஓடியது. இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம், நிலத்தை மீட்க வேண்டும், பாக்கியைக் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. குத்தகை முடிந்ததற்கும் இந்த உத்தரவுக்கும் இடையே 20 வருஷத்துக்கு மேல் கடந்துவிட்டது. 1998இல் பிறந்த குழந்தை வளர்ந்து, ஓட்டுரிமை பெற்று, வேலைக்கும் போய்விட்டது!

இத்தனை பொறுமை சர்க்காருக்கு எங்கிருந்து வந்தது? தஞ்சை, நாகை வட்டாரங்களில் கோயில் நிலத்தைச் சாகுபடி செய்யும் குத்தகைதாரன் இரண்டு போகம் வெள்ளத்தில் இழந்து பாக்கி வைத்தால், அவன் மேல் வருவாய் நீதிமன்றத்தில் வழக்கு வருகிறது. குளத்துப் புறம்போக்கில் குடிசை போட்ட விதவையின் வீட்டுக்கு முன்னால் ஜேசிபி வந்து நிற்கிறது. அரை மா நிலத்துக்குப் பாயும் சட்டம் 21 ஏக்கருக்கு ஏன் நொண்டுகிறது?

நிலம் மட்டுமல்ல, தண்ணீரும் இதில் இருக்கிறது. செம்பரம்பாக்கம் 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உள்ள பெரிய ஏரி. இப்படிப்பட்ட ஏரியின் கரையில் கோடையில் காய்ந்து கிடக்கும் நிலமெல்லாம் சும்மா கிடக்கும் நிலமல்ல. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஏறி வந்து படுக்கும் இடம் அது. அதில் மண்ணடித்து மதில் எழுப்பினால் தண்ணீர் வேறு இடம் தேடும். 2015 டிசம்பர் 1ந் தேதி இரவு அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறந்து விடப்பட்டது. முழுகியவை யாருடைய வீடுகள்? ஆற்றோரத்து உழைப்பாளி மக்களின் வீடுகள். பிறகு ஆக்கிரமிப்பாளர் என்ற பெயரில் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டவர்களும் அவர்களே.

நில உச்சவரம்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. உழவர் இயக்கம் ரத்தம் சிந்திப் பெற்ற சட்டம் அது. தமிழ்நாட்டில் 1961ஆம் வருஷச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வைத்தது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. புதுச்சேரிக்கு 1973ஆம் வருஷச் சட்டம் வந்தது. ஆனால் தமிழ்நாட்டுச் சட்டத்தில் 37-ஏ என்று ஒரு பிரிவு பின்னால் நுழைந்தது. தொழில், வியாபார நிறுவனங்கள் சர்க்காரின் அனுமதியோடு உச்சவரம்புக்கு மேலும் நிலம் வைத்துக் கொள்ளலாம் என்கிறது அது. முன்வாசலில் பண்ணையாரைத் தடுத்த சட்டம், கொல்லைப்புறத்தில் கம்பெனிக்குக் கதவு திறந்து வைத்திருக்கிறது.

அந்தக் கதவு மேலும் அகலமாகியிருக்கிறது. 2023 ஏப்ரல் 21ந் தேதி தமிழ்நாடு சட்டமன்றத்தில் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதா விவாதமே இல்லாமல் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டம் என்றால், நடுவே ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தாலும் அவற்றையும் சேர்த்து ஒருங்கிணைக்க அந்தச் சட்டம் வழி செய்கிறது. இடதுசாரிக் கட்சிகளும் விவசாய சங்கங்களும் அதை எதிர்த்தன. சிறிய ஆக்கிரமிப்புக்குத் தண்டனை, பெரிய விஸ்தரிப்புக்குச் சட்டம் என்பதுதானா நியாயம்?

நம் ஊருக்கு வருவோம். காரைக்கால் வழியாக நாகைக்கு நான்கு வழிச் சாலை வருகிறது. சாலை வந்தால் அதன் பின்னாலேயே மனைத் தரகர் வருவார். கடற்கரையும் ஆற்று முகத்துவாரமும் உள்ள இடத்தில் உல்லாச விடுதியும் கேளிக்கைப் பூங்காவும் கேட்டு நாளை யாரும் வரலாம். கோயில் நிலத்தின் மேல் எப்படிக் கண் விழுகிறது என்பதை 2024இல் பார்த்தோம். காரைக்கால் கோயில்பத்து பார்வதீஸ்வரர் கோயில் நிலத்துக்குப் போலி ஆவணம் தயாரித்து மனையாக விற்க முயன்றதாக வழக்கு வந்தது. அதில் துணை ஆட்சியரே கைது செய்யப்பட்டார். காவல் காக்க வேண்டிய அலுவலகத்தின் மீதே வழக்கு என்றால், காவலை ஜனங்கள்தான் ஏற்க வேண்டும்.

கேளிக்கையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ராட்டினம் ஏற மில் தொழிலாளியின் பிள்ளைக்கும் ஆசை உண்டு. வேலை கிடைக்கும் என்ற வாதத்தையும் நாம் அலட்சியம் செய்யவில்லை. அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்ட கிராமத்தில், 2020இல் ஏ.எப்.டி. மில் மூடப்பட்டதைக் கண்ட மாநிலத்தில், வேலை என்ற சொல்லின் அருமை நமக்குத் தெரியும். ஆனால் கான்ட்ராக்டில் பெருக்கும் வேலைக்கும் காவல் வேலைக்கும் விலையாக ஒரு ஏரியையும் நூறு குடும்பத்தின் சாகுபடியையும் கொடுக்க முடியாது. பூங்கா கட்டுகிறவர் மேட்டு நிலத்தில், நேர் வழியில் வாங்கிய இடத்தில், வகுத்த எல்லைக்குள் கட்டட்டும்.

ஆகவே நாம் கேட்பது இவை:

1. கோட்டுச்சேரி கொம்யூனில் உள்ள ஒவ்வொரு குளம், ஏரி, வாய்க்காலையும் மழைக்காலத் தண்ணீர் மட்டத்தை வைத்து அளந்து எல்லைக்கல் நட வேண்டும். 2019இல் மாவட்டத்தில் 178 நீர்நிலைகளைத் தூர் வார முடிந்த நிர்வாகத்துக்கு, கல் நடுவது முடியாத காரியமல்ல.

2. கோயில் நிலங்களின் புல எண், பரப்பு, குத்தகைதாரர், குத்தகை முடியும் தேதி ஆகியவற்றைக் கொம்யூன் பஞ்சாயத்து வாசலில் எழுதி ஒட்ட வேண்டும்.

3. நஞ்சையிலும் நீர்நிலை ஓரத்திலும் எந்தக் கம்பெனிக்கும் உச்சவரம்பு விலக்கு தரக் கூடாது.

4. மீட்கப்படும் நிலத்தை மறுபடி ஏலம் விடாமல், நிலமற்ற விவசாயத் தொழிலாளருக்கு நியாயமான குத்தகையில் தர வேண்டும்.

மனுப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் இவை நடக்காது. எந்தக் குளத்துக்கு எதுவரை தண்ணீர் ஏறும் என்பது நில அளவையாளரின் சங்கிலியை விட, ஐம்பது வருஷம் மடை திறந்த கிழவருக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு கிளையும் அந்தக் கிழவர்களை அழைத்துக் கொண்டு கரையைச் சுற்றி நடந்து, பழைய எல்லையைக் குறித்து வையுங்கள். மதில் எழுந்த பிறகு கோர்ட்டு வாசலில் இருபது வருஷம் நிற்பதைவிட, மதில் எழுமுன் வரப்பில் ஒரு நாள் நிற்பது மேல்.