இயற்பியலுக்கு ஏது வயது வரம்பு?

ஐம்பதைத் தாண்டியவர் இயற்பியல் படிக்கப் பல்கலைக்கழகம் போவது வீண் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பெரிய கண்டுபிடிப்பின்போது ஐன்ஸ்டீனுக்கு வயது 26, ஹைசன்பர்க்குக்கு 23 என்று கணக்கு வேறு. ஷ்ரோடிங்கரை ஏன் விட்டுவிட்டார்? 1926-ல் அலைச் சமன்பாட்டை வெளியிட்டபோது அவருக்கு வயது 38. அது போகட்டும், நோபல் வாங்கப் போகிறவர்தான் வகுப்பில் உட்கார வேண்டும் என்று யார் சொன்னது?

மான்ஃப்ரெட் ஸ்டைனரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இயற்பியல் ஆசை. வீட்டார் பேச்சைக் கேட்டு வியன்னாவில் மருத்துவம் படித்தார். அமெரிக்காவில் ரத்தவியல் பேராசிரியரானார். ஓய்வுக்குப் பிறகு பிரௌன் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பாடங்களிலிருந்து தொடங்கி, 2021-ல், 89 வயதில் முனைவர் பட்டம் பெற்றார்.

அலங்காரப் பட்டம் அல்ல அது; அவருடைய ஆய்வைப் பாருங்கள். ஒற்றைப் பரிமாணக் கம்பியில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தாண்ட முடியாது. ஒன்றைத் தள்ளினால் வரிசையே அசையும். ஆகவே தனித்தனித் துகள்களை விட்டுவிட்டு அந்த அசைவையே போசான்கள் என்ற வேறு வகைத் துகள்களாகக் கணக்கிடலாம். இந்த 'போசானாக்க' முறைக்கான திருத்தங்கள்தான் ஸ்டைனரின் ஆய்வு. முதுமைப் பொழுதுபோக்கு என்பவர் அந்தக் கணக்கில் ஒரு பக்கத்தைப் போட்டுப் பார்க்கட்டும்.

"யாருக்குப் பயன்?" என்று கட்டுரையாளர் கேட்பதும் நேர்மையற்றது. இயற்பியல் முடித்து வங்கி வேலைக்குப் போகும் இருபத்திரண்டு வயதுக்காரரிடம் அதை யாரும் கேட்பதில்லை. புரிந்துகொள்வதற்காகவே படிக்க வருகிறவரிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?