அற்புதமும் கணக்குக் காட்டட்டும்

அற்புதங்கள் இன்றும் நடக்குமா என்று என்னைக் கேட்டால், நடக்கும் என்றுதான் சொல்வேன். சி.எஸ்.ஐ. சபையில் பிறந்து வளர்ந்தவன் நான். குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கிய கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டேன். பிறகு அதே நோயைப் பார்க்கும் வேலையில், அரசுச் சம்பளத்தில் காலம் தள்ளினேன். உத்திரமேரூர் வட்டாரத்தில் தொழுநோய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காகிதத்தில் என் பதவிக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. ஊர்க்காரர்களுக்கு நான் 'தேமல் பார்க்கிற சார்'.

நம்புகிறவன் என்பதால்தான் எனக்குக் கோபம் வருகிறது. அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும் மாதங்களில் எங்கள் பக்கத்துச் சுவர்களில் சுவரொட்டிகள் முளைக்கும். அற்புத சுகமளிக்கும் பெருவிழா. குருடருக்குப் பார்வை, முடவருக்கு நடை, டாக்டர்கள் கைவிட்ட நோய்க்கு விடுதலை. கீழே கோட்டுப் போட்ட ஊழியக்காரரின் படம், காணிக்கை அனுப்ப ஒரு எண். இவற்றைக் கேள்வி கேட்பவர்கள் பொதுவாகப் பகுத்தறிவுப் பக்கம் நின்று கேட்கிறார்கள். நான் வேதத்தின் பக்கம் நின்றே கேட்கிறேன். வேதத்தில் வரும் அற்புதங்களுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கை வைத்து அளந்தால் மேடை அற்புதங்களில் அநேகம் தேறாது.

மாற்கு முதலாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். குஷ்டரோகி ஒருவன் வந்து முழங்காலில் விழுகிறான். இயேசு அவனைத் தொடுகிறார், நோய் நீங்குகிறது. உடனே அவனுக்கு இரண்டு கட்டளைகள். இதை யாரிடமும் சொல்லாதே என்பது ஒன்று. போய் ஆசாரியனிடம் உன்னைக் காட்டு என்பது மற்றொன்று. தோலைப் பார்த்து, ஏழு நாள் தனியே வைத்து, மறுபடியும் பார்த்து, சுத்தமானவன் என்று அறிவிக்கும் அதிகாரம் ஆசாரியனுக்குத்தான் என்று லேவியராகமம் 13, 14 அதிகாரங்கள் விதிக்கின்றன. அங்கே பேசப்படுவதெல்லாம் இன்றைய தொழுநோய் ஆகாது. துணிக்கும் வீட்டுச் சுவருக்கும்கூட அது வரும் என்கிறது அந்தப் பகுதி. ஆனாலும் நடைமுறையைக் கவனியுங்கள். சுகம் தந்தவர் தாமே சான்றிதழ் எழுதித் தரவில்லை. வேறோர் அதிகாரியிடம் பரிசோதனைக்கு அனுப்புகிறார். நம்மூர் மேடையில் சுகம் தந்ததாகச் சொல்பவரே பரிசோதிக்கிறார், அவரே சான்று தருகிறார், அவரே மைக்கில் அறிவிக்கிறார்.

பரிசோதனை என்றால் என்ன என்று எங்கள் வேலையிலிருந்து சொல்கிறேன். தேமல் உள்ளவரைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் தோலை மெல்லத் தொடுவோம். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். தேமலுக்குள் தொடும்போது அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால், அது தொழுநோய் என்று எங்களுக்குப் புரிந்துவிடும். முழங்கையின் உட்புறம் ஓடும் நரம்பைத் தடவிப் பார்ப்போம். கயிறு மாதிரித் தடித்திருக்கிறதா என்று. பிறகு அட்டை மாத்திரை, நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ. மாதத்தின் முதல் வேளை மாத்திரையை எங்கள் கண் முன்னே விழுங்க வேண்டும். அன்றைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். நாளாக நாளாகத் தோல் கறுக்கும். சிலருக்கு மருந்து ஆரம்பித்த பிறகு தேமல் சிவந்து வீங்கும், நரம்பு வலிக்கும். இதை 'ரியாக்‌ஷன்' என்போம். அதற்குத் தனி மருந்து உண்டு. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால், மாத்திரையால்தான் நோய் முற்றிவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தொடக்க நிலையில் உள்ள சில தேமல்கள் மருந்தே இல்லாமல் தானாக மறைந்துவிடும். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்த பாடம் இது. ஆகவே, ஜெபித்த பிறகு தேமல் போய்விட்டது என்று சாட்சி சொல்பவர் பொய் சொல்கிறார் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். தேமல் போனது உண்மையாக இருக்கலாம். ஏன் போனது என்று சொல்ல அவருக்கும் தெரியாது, மேடையில் இருப்பவருக்கும் தெரியாது. அதனால்தான் ஆசாரியன் தேவைப்பட்டான்.

எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு விவசாயி. மருந்து முழுக்கச் சாப்பிட்டு நோய் தீர்ந்தவர். ஆனால் பாதத்தில் உணர்ச்சி திரும்பவில்லை. நோய் போனாலும் செத்த நரம்பு எழுந்திருக்காது. அவருக்கு எம்.சி.ஆர். செருப்பு கொடுத்திருந்தோம். அடியில் மெத்தென்று மைக்ரோ செல்லுலர் ரப்பர் வைத்த அந்தச் செருப்பு வேலூர்ப் பக்கத்து மருத்துவர்களின் ஆராய்ச்சியில் உருவானது. ஒரு கூட்டத்தில் அவரை மேடைக்கு அழைத்து, விசுவாசம் இருந்தால் செருப்பைக் கழற்றிப் போடு என்றார்கள். கழற்றினார், கைதட்டல். மறுநாள் அறுவடை முடிந்த கழனியில் வெறுங்காலோடு நடந்தார். அறுத்த தாள் பாதத்தைக் கிழித்தது, பாதத்துக்குத் தெரியவில்லை. வீட்டுத் திண்ணையில் ரத்தத்தைப் பார்த்துக் கத்தியது அவர் பேத்தி. புண் எலும்பு வரை போய், விரலை எடுக்க வேண்டியதாயிற்று. மேடை போட்டவர்கள் அதற்குள் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார்கள். அவர் அவர்களைத் திட்டவும் இல்லை. "எனக்குத்தான் விசுவாசம் பத்தல சார்" என்றார். விரல் போனதைவிட எனக்கு வலித்தது இந்தப் பேச்சுதான்.

விசுவாசம் பத்தவில்லை என்ற பழியை நோயாளியின் தலையில் கட்டுவதற்கு வேதத்தில் இடம் குறைவு. அற்புதங்கள் செய்ததாகச் சொல்லப்படும் பவுலே, தன் தோழன் துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவிட்டு வந்ததாக எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு அவர் சொல்வது கைவைத்தியம்: கொஞ்சம் திராட்சரசம். தன் உடம்பில் இருந்த முள்ளுக்காக மூன்று முறை வேண்டிக்கொண்டும் அது போகவில்லை என்கிறார். பவுலுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று எந்த மேடையிலாவது சொல்வார்களா?

காசு விஷயத்துக்கு வருவோம். இரண்டாம் இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்தில் நாகமான் என்ற சீரியப் படைத்தலைவனின் கதை இருக்கிறது. குஷ்டம் பிடித்தவன். பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் பொற்காசு, பத்து மாற்று உடை என்று சீர்வரிசை போல ஏற்றிக்கொண்டு எலிசா தீர்க்கதரிசியின் வாசலுக்கு வருகிறான். எலிசா வெளியில்கூட வரவில்லை. யோர்தானில் ஏழு முறை முழுகு என்று ஆள் அனுப்பிச் சொல்கிறார். நாகமானுக்குக் கோபம். பெரிய சடங்கு நடக்கும், கையை வீசி மந்திரம் சொல்வார் என்று எதிர்பார்த்து வந்தவனுக்கு ஆற்றில் முழுகுவது அற்பமாகப் படுகிறது. வேலைக்காரர்கள்தான் புத்தி சொல்லி முழுக வைக்கிறார்கள். சுகமான பிறகு காணிக்கை கொடுத்தால் எலிசா தொட மறுக்கிறார். அவருடைய வேலைக்காரன் கேயாசி மட்டும் பின்னாலேயே ஓடி, ஒரு பொய்யைச் சொல்லி, இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு உடையும் வாங்கிக்கொள்கிறான். நாகமானை விட்ட குஷ்டம் கேயாசியைப் பிடிக்கிறது. சுகத்துக்குப் பின்னால் காசு வாங்கியவனுக்கு வேதம் விதித்த தண்டனை இது. சுவரொட்டியில் காணிக்கை எண் போடுகிறவர்கள் இந்த அதிகாரத்தை எப்படித் தாண்டிப் போகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

நாகமானின் கோபத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இலவச அட்டை மாத்திரையைக் கையில் கொடுத்தால், இவ்வளவு பெரிய வியாதிக்கு இவ்வளவுதானா என்று முகம் சுளிப்பார்கள். 1980களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை அது. ஊருக்கு வெளியே குடிசை போட்டு வாழ வேண்டியிருந்தவர்களை வீட்டிலிருந்தபடியே குணமாக்கியது. இந்தியாவில் இன்றும் ஆண்டுக்கு ஒரு லட்சம் அளவில் புதிய நோயாளிகள் கண்டறியப்படுகிறார்கள். இவர்களுக்கு வேண்டியது நம்மூர் யோர்தான். அது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிறது.

விசுவாசமும் மருத்துவமும் பகை என்று நினைப்பவர்கள் எங்கள் வட்டாரத்து வரலாற்றையே பார்க்கலாம். திண்டிவனத்தில் மிஷனரி மருத்துவர் வீட்டில் இருந்த இளம்பெண் ஐடா ஸ்கடரிடம், ஒரே இரவில் மூன்று ஆண்கள் தங்கள் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவரான அவர் தகப்பனாரை உள்ளே விட அவர்களுக்குச் சம்மதமில்லை; ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அன்றிரவு ஓர் அற்புதமும் நடக்கவில்லை. ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900இல் திரும்பி வந்து தொடங்கியதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி.

அதே சி.எம்.சி.யில் பின்னாளில் வேலை பார்த்த பால் பிராண்டு 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். மலைமக்களுக்கு வைத்தியம் பார்த்த மிஷனரியான தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்டு 1929இல் காய்ச்சலில் செத்தார், அவருக்காகவும் ஜெபித்திருப்பார்கள். மகன் அறுவைச் சிகிச்சை நிபுணராகி வேலூருக்கு வந்தார். 1947இல், உத்திரமேரூரிலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவில் இருக்கும் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு டாக்டர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்க வந்தவர், மடங்கிப்போன விரல்களோடு இருந்த நோயாளி ஒருவரிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது. அந்தக் கையில் வேலை செய்யும் தசைகள் மிச்சம் இருக்கின்றன என்று அப்போது தெரிந்தது. அடுத்த ஆண்டிலிருந்து அந்தத் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். நோய் விரல்களைத் தின்பதில்லை, வலி தெரியாததால்தான் அடுப்பும் ஆணியும் இரவில் எலியும் விரல்களைத் தின்கின்றன என்று உலகத்துக்குக் காட்டியவரும் அவரே. சூம்பின கையை நீட்டச் சொன்ன சுவிசேஷக் கதை ஒரு நொடியில் முடிந்துவிடும். வேலூரில் அதற்குக் கத்தி, தையல், மாதக்கணக்கில் பயிற்சி எல்லாம் தேவைப்பட்டன. இரண்டையும் ஒரே கடவுளின் வேலை என்று நம்ப எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.

அற்புதத்தைச் சோதிப்பது அவிசுவாசம் என்பவர்களுக்குக் கத்தோலிக்கச் சகோதரர்களிடம் பதில் இருக்கிறது. பிரான்சில் லூர்து நகரில் குணமானதாகச் சொல்லி வந்தவர்கள் ஏழாயிரத்துக்கு மேல். மருத்துவர்கள் ஆராய்ந்த பிறகு திருச்சபை அற்புதம் என்று ஏற்றவை எழுபது சொச்சம்தான். நம் கன்னியாகுமரி மாவட்டத்து தேவசகாயம் பிள்ளை 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டவர். அவரை நோக்கி வேண்டியதால் கருவில் துடிப்பு நின்ற குழந்தை பிழைத்தது என்ற 2013ஆம் ஆண்டுச் சாட்சியம் விசாரிக்கப்பட்டு, 2020இல் போப்பின் ஒப்புதல் பெற்று, 2022 மே 15 அன்றுதான் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அந்த முடிவை ஒருவர் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஏழாண்டு விசாரித்தார்கள் என்பதையாவது நாம் மதிக்க வேண்டும். நம் மேடைகளில் ஏழு நிமிடம்கூட ஆவதில்லை.

இது கிறிஸ்தவர்களின் குறை மட்டும் என்று யாரும் மகிழ வேண்டாம். 1995 செப்டம்பரில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடே கரண்டியோடு வரிசையில் நின்றது. ஆனால் அந்தப் பாலால் யாருடைய மாத்திரையும் நிற்கவில்லை.

மக்கள் ஏன் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அங்கே ஒருவர் பெயரைக் கேட்கிறார், தலையில் கை வைக்கிறார், அவருக்காக அழுகிறார். தொழுநோய் வந்தவரைத் தொட வீட்டார்கூடத் தயங்குவார்கள். எங்கள் துறையில் நாங்கள் தேமலைத் தொட்டோம். தலையில் கை வைக்க எங்களுக்கு நேரம் இருந்ததில்லை. அந்தக் கைக்காக மக்கள் போவதை நான் குறைசொல்ல மாட்டேன். அந்தக் கையே மாத்திரையைப் பிடுங்குவதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. குடவோலை முறைக்காக உலகமே பேசும் கல்வெட்டுகள். ஏரி உட்பட ஊர்க் காரியங்களைக் கவனித்த வாரியம் என்ற குழுவில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது, அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது என்று அவற்றில் வெட்டியிருக்கிறார்கள். ஏரித் தண்ணீருக்கே கணக்குக் கேட்ட ஊர் இது. மனித உடம்புக்குக் கேட்கக் கூடாதா?

தொழுநோய், நீரிழிவு, புற்றுநோய், வலிப்பு போன்றவற்றைத் தாயத்தாலும் மந்திரத்தாலும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மாயத் தீர்வுகள் விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. ஜெபம் அதில் அடங்குமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். சட்டத்துக்காகக் காத்திருக்காமல் சபைகளே செய்யக்கூடியவை மூன்று. ஒவ்வொரு சுகமளிக்கும் கூட்டத்திலும் ஜெபத்துக்கு முன்னும் பின்னும், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று ஊழியக்காரரே மைக்கில் சொல்ல வேண்டும். மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகே சாட்சிக்கு மேடை தர வேண்டும். வாங்கிய காணிக்கைக்கும் ஆன செலவுக்கும் கணக்கு எழுதி அந்த ஊரிலேயே ஒட்டிவிட்டுப் போக வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒப்பாத ஊழியக்காரருக்கு எங்கள் சபைகள் பள்ளி மைதானத்தைத் தரக் கூடாது; ஆயர்கள் வாழ்த்துரைக்காக அந்த மேடை ஏறவும் கூடாது.