அணைக்கட்டு ஏற்றத்தில் நின்ற கஞ்சில்

வேலை முடிந்து வந்துகொண்டிருந்த என் மகள், பத்துமலையிலிருந்து உலு யாம் வரும் மலைப்பாதையில் நின்றுவிட்டாள். இரவு எட்டே முக்கால். அணைக்கட்டைத் தாண்டிய ஏற்றத்தில் சூட்டு முள் சிவப்பைத் தொட்டிருக்கிறது, ஓரங்கட்டிவிட்டாள். போனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். எப்படியோ எனக்கு அழைப்பு கிடைத்து, நானும் மச்சானும் போய்ச் சேர 40 நிமிடம். பகலில் அந்தப் பாதையில் சைக்கிள்காரர்களும் குரங்குகளும் ஆற்றில் குளிக்க வருபவர்களும் இருப்பார்கள். இரவில் ஒரு ஈ காக்கை கிடையாது. காரின் உள்ளே கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும், "ஒன்னும் இல்லப்பா" என்றாள். குரல் அப்படிச் சொல்லவில்லை.

வண்டி 1997-ஆம் ஆண்டு கஞ்சில், 850. என் அப்பா வாங்கியது.

மறுநாள் பட்டறையில் சீனத் தவுக்கே ஆயில் கம்பியை உருவிக் காட்டினார். தே தாரிக் நிறம். தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது என்றால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தம். அலுமினிய ஹெட் அதிகச் சூட்டில் வளைந்திருந்தால் அதையும் சீவிச் சமன்செய்ய வேண்டும். கழற்றுவதோடு கழற்றுவதாக டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர். எல்லாம் சேர்த்து 1,900 வெள்ளி. வண்டியை விற்றால் 2,000 தேறுமா என்பதே சந்தேகம்.

"தலைமுழுகித் தொலைங்க" என்றாள் மனைவி. அப்பா எதுவும் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய தொல்லை.

அவருக்கு அது வெறும் கார் இல்லை. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் எங்கள் குடும்பமே ஒரு மோட்டார் சைக்கிளில்தான் போகும். மழை வந்தால் ஏதாவது கடை ஓரத்தில் ஒதுங்குவோம். 1994-இல் கஞ்சில் வந்த பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் காரைப் பற்றி யோசிக்கவே ஆரம்பித்தோம். ஜப்பானின் டைஹாட்சு மீராவை அடிப்படையாக வைத்து பெரோடுவா தயாரித்த முதல் கார் அது. முதலில் 660 சிசி, பிறகு 850. தொழிற்சாலை இருக்கும் சுங்கை சோ, நம் உலு சிலாங்கூரிலேயே இருக்கிறது. 2009 வரை கஞ்சில் வந்தது. தோட்டத்து வீட்டு வாசலில் அது வந்து நின்ற நாளை மறக்காத பலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். "ரிப்பேர் செலவு வண்டி விலைக்கே வருதே" என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் விற்கப் போகிறவனுக்குத்தான் வண்டியின் விலை முக்கியம். ஓட்டப் போகிறவனுக்கு அதற்குப் பதிலாக வாங்கும் வண்டியின் விலைதான் கணக்கு. 2023-இல் புதிய ஆக்ஸியா வந்தபோது அதன் ஜி ரகம் 38,600 வெள்ளி. பத்து விழுக்காடு முன்பணம் கட்டி ஒன்பது வருடக் கடன் எடுத்தால் மாதம் சுமார் 400. அப்படிப் பார்த்தால் 1,900 வெள்ளி ஐந்து மாதத் தவணைகூட இல்லை. கஞ்சிலுக்குச் சாலை வரி வருடத்துக்கு 20 வெள்ளிதான். செய்த ரிப்பேர் ஐந்து மாதம் தாங்கினால் போட்ட பணம் வந்துவிடும்.

மகளிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். "அந்த ரோட்டுல உட்கார்ந்திருந்ததுக்கு எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டாள். நான் பென்சிலை வைத்துவிட்டேன்.

தவுக்கேயிடம் திரும்பிப் போய், இஞ்சினை விடுங்கள், வண்டியைத் தூக்குங்கள் என்றேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். இஞ்சின் கெட்டால் வேறு இஞ்சின் போடலாம். ஹாஃப்-கட் கடையில் மீரா இஞ்சின் வாங்கிப் போடுபவர்கள் எத்தனையோ பேர் (சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதியாமல் ஓட்டிவிடாதீர்கள்). உடம்பு துருப்பிடித்து இற்றுப்போனால் வண்டி போனதுதான். டார்ச் அடித்து, ஸ்க்ரூடிரைவரால் தட்டித் தட்டிப் பார்த்தோம். பின் சக்கரத்தைத் தாங்கும் இடங்களிலும் முன் அப்சார்பர் உட்காரும் இடங்களிலும் சத்தம் கெட்டியாக வர வேண்டும். பொத்தென்று உள்ளே போனால் ஒரு காசு செலவழிக்கக் கூடாது. எங்கள் வண்டியில் ஓட்டுநர் மிதியடிக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை, அவ்வளவுதான். "போடி மாசே பாகுஸ்" என்றார் தவுக்கே. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மலையடிவார மழையில் இத்தனை வருடம் நனையாமல் காத்தது அப்பா போட்ட தகரக் கொட்டகை.

ஆனால் ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, மெல்லிய தகரம். எந்தத் தவுக்கேயாலும் அதைச் சரிசெய்ய முடியாது. 2009-இல் பத்து வயதைத் தாண்டிய காரை ஒழித்துவிட்டுப் புதிய புரோட்டோனோ பெரோடுவாவோ வாங்கினால் 5,000 வெள்ளி தருவதாக அரசாங்கம் சொன்னது. அதே ஆண்டு, 15 வயதைத் தாண்டிய கார்களுக்கு வருடாந்திரப் பரிசோதனை கட்டாயம் என்று அறிவித்து, மக்கள் கொதித்ததும் சில நாட்களிலேயே மீட்டுக்கொண்டது. கொதித்தவர்களில் நானும் ஒருவன். ஏழை வயிற்றில் அடிக்கிறார்கள் என்று காப்பிக் கடையில் கத்தினேன். இன்று அவ்வளவு சத்தமாகக் கத்த மாட்டேன்.

கடைசியில் 1,900 வெள்ளியைக் கட்டினோம். ஆனால் வண்டிக்கு வேலையைக் குறைத்துவிட்டோம். மலைப்பாதை கிடையாது, நெடுஞ்சாலையில் லாரிகளோடு ஓட்டம் கிடையாது. காலையில் மகள் பத்தாங் காலி ரயில் நிலையம் வரை ஓட்டிப் போவாள், அங்கிருந்து கொமுட்டர். சந்தைக்கு, கிளினிக்குக்கு, கோயிலுக்கு. அடுத்த தடவை ஒரே பில் 1,000 வெள்ளியைத் தாண்டினாலோ, அடியில் தட்டும்போது பொத்தென்று போனாலோ அதோடு நிறுத்தம். பதிவை ரத்து செய்து முறையாக ஒழிப்போம். ரப்பர் மரத்தடியில் கொடி படர விடமாட்டோம். இதை அப்பாவின் பழைய சர்வீஸ் நோட்டில் எழுதினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, கீழே தேதியும் மீட்டர் எண்ணும் எழுதினார்.

வண்டி வந்த அன்று, ஓட்டிப் பார்க்க நானும் அவரும் போனோம். இஞ்சின் சத்தம் சீராக இருந்தது. பழக்கத்தில் பத்துமலைப் பக்கம் திருப்பிவிட்டேன். முதல் ஏற்றம் தொடங்கும் இடம் வந்ததும் அப்பா டாஷ்போர்டில் கை வைத்தார்.

"போதும்டா. திருப்பு."