சட்டம் அறிவோம்: அபராதம் கட்டுமுன் வழக்கறிஞரைக் காணுங்கள்

தஞ்சை மாவட்டத்துச் சகோதரி ஒருவர் கடிதம் எழுதியுள்ளார். அவருடைய தங்கை மகனுக்கு வயது 22. கடைத்தெருவில் வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பாகி, எதிராளிக்குச் சிறு காயம் ஏற்பட்டுவிட்டது. வழக்குப் பதிவாகி, பையன் ஜாமீனில் இருக்கிறான். இப்போது நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்துள்ளது. வாப்பா சவூதியில் இருக்கிறார். பையனுக்கும் அங்கே வேலை ஏற்பாடாகி வருகிறது. “குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும், வக்கீல் எதற்கு?” என்று உறவினர் கூறுகின்றனராம். என்ன செய்வது, நல்ல வழக்கறிஞரை எங்கே தேடுவது என்று சகோதரி கேட்கிறார்.

சகோதரி அவர்களே! அந்த ஒரு நாள் அவசரம் வேண்டாம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு ‘குற்றவாளி’ என்ற தீர்ப்பும் வந்து சேரும். அத்தீர்ப்பை எதிர்த்துப் பின்னர் மேல்முறையீடு செய்ய இயலாது. தண்டனையின் அளவும் அது சட்டப்படியானதா என்பதும் பற்றி மட்டுமே முறையிடலாம். நாளை அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றே எழுத நேரும்.

இதைவிட நல்ல வழி சட்டத்திலேயே இருக்கிறது. சாதாரணக் காயம் விளைவித்தல் என்பது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2) பிரிவின்கீழ் வருவது. ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆயினும், காயம்பட்டவர் இசைந்தால் இக்குற்றத்தைச் சமரசமாக முடித்துக்கொள்ளலாம். அவ்வாறு முடிந்தால் அது விடுதலைக்குச் சமம். ஜமாஅத்துப் பெரியவர்கள் இரு குடும்பத்தையும் அமர்த்திப் பேசுவது நல்லதே. ஆனால் வீட்டுத் திண்ணையில் எழுதிய ஒப்பந்தம் மட்டும் வழக்கை முடிக்காது. நீதிமன்றத்தில் அது பதிவாக வேண்டும். மேலும், முதல் தகவல் அறிக்கையில் வேறு பிரிவுகளும் சேர்ந்திருக்கலாம். அவை எல்லாமே சமரசத்துக்கு உரியவை என்று கூற முடியாது. அதைப் படித்துச் சொல்லவே வழக்கறிஞர் தேவை.

வழக்கு நடைபெறும் நீதிமன்றத்திலேயே குற்றவியல் வழக்குகளை நாள்தோறும் நடத்துபவரைத் தேடுங்கள். சொத்து வழக்கில் பேர்போனவர் இதற்கும் பொருத்தமானவர் என்று எண்ணிவிடாதீர்கள். நீதிமன்ற வளாகத்திலுள்ள வழக்கறிஞர் சங்கத்தில் விசாரிக்கலாம். இத்தகைய வழக்கை முன்பு நடத்தி முடித்த குடும்பத்தாரையும் கேட்கலாம். காவல் நிலைய வாசலில் தாமாக வந்து ஆள் பிடிப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வழக்குத் தேடி அலைவதும், வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும் வழக்கறிஞர்களுக்கு விதிப்படி கூடாதவை.

முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்: மொத்தக் கட்டணம் எவ்வளவு, அல்லது வாய்தா ஒன்றுக்கு எவ்வளவு? அவரே வருவாரா, இளையவரை அனுப்புவாரா? கொடுத்த பணத்துக்கு ரசீது பெறுங்கள். வக்காலத்தில் பையன்தான் கையொப்பமிட வேண்டும். படித்துப் பார்த்தபின் இடட்டும். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் அவரிடம் கூறட்டும்.

வெளிநாட்டுப் பயணத்தையும் அன்றே தெரிவியுங்கள். குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் வழங்க மறுக்க 1967ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. எனினும் நீதிமன்ற அனுமதி பெற்றவருக்குப் பாஸ்போர்ட் வழங்க 1993ஆம் ஆண்டின் அரசு அறிவிக்கை வழி செய்துள்ளது. நேரில் ஆஜராவதிலிருந்து விலக்குக் கோரவும் முடியும். இவற்றையெல்லாம் முறைப்படி மனுச் செய்து பெற வேண்டும். சொல்லாமல் விமானம் ஏறிவிட்டால் வாய்தா தவறும், பிடிவாரண்டு பிறக்கும், சிறிய வழக்கு பெரிதாகிவிடும்.

கட்டணத்துக்கு வசதியில்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் கிடைப்பார். பெண்கள், சிறுவர்கள், மாற்றுத்திறனாளிகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லை. மற்றவர்களுக்கு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், வட்ட அளவில் வட்டச் சட்டப்பணிகள் குழுவும் இயங்குகின்றன. 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். கைதாகி முதன்முறை நீதிபதிமுன் நிறுத்தப்படும்போதே ஏழைக்கு இவ்வுதவி உண்டென்று 1980இல் காத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே இதை யாசகமாக எண்ணிக் கூச வேண்டாம், இது உரிமை.

சம்மனில் குறித்த தேதிக்கு முன்பே, அதனையும் முதல் தகவல் அறிக்கையின் நகலையும் எடுத்துக்கொண்டு பையனுடன் செல்லுங்கள். வழக்கறிஞர் தாள்களைப் படித்து முடிக்கும்வரை, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பேச்சு யாரிடமும் வேண்டாம்.