பெட்டி இருக்கு, பேர் எங்கே?

பொருள் அழிந்தால் சொல்லும் அழியும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஸ்காட்லாந்தின் பழைய வீட்டுச் சொற்களைப் பார்த்தால் அது பாதி உண்மைதான் என்று தெரியும். ஆங்கிலத்துக்குத் தங்கை முறையான ஸ்காட்ஸ் மொழியின் சொற்கள் இவை.

'க்ரூசி' என்பது மீன் எண்ணெய் ஊற்றி எரித்த இரும்பு விளக்கு. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் யங் 1850ல் பாரஃபின் எண்ணெய் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பாரஃபின் விளக்கு பரவியதும் க்ரூசி அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. 'கிர்னல்' ஓட்ஸ் மாவு கொட்டிவைக்கும் பெரிய மரப்பெட்டி. பண்ணையாட்களுக்குக் கூலியில் ஒரு பங்கை மாவாகவே அளந்த காலத்துப் பொருள். அந்தக் கூலிமுறை போனது, கிர்னலும் போனது. இதற்கெல்லாம் ஒப்பாரி வைக்கத் தேவையில்லை.

ஆனால் 'கிஸ்ட்'? துணிமணி வைக்கும் பெட்டி. 'ஆஷெட்'? உணவு பரிமாறும் பெரிய தட்டு. 'ஆம்ரி'? சாட்சாத் அலமாரியேதான்! ஆம்ரி, அலமாரி இரண்டுக்கும் பாட்டி ஒருத்தி: லத்தீனின் 'அர்மாரியம்'. பேத்திகளில் ஒருத்தி பிரெஞ்சு வழியாக ஸ்காட்லாந்து போனாள், இன்னொருத்தி போர்த்துக்கீசியர் கப்பலில் தமிழுக்கு வந்தாள். தமிழர் வீடுகளில் அலமாரி செழிப்பாக இருக்கிறது. ஆம்ரியோ அகராதியில் தூங்குகிறது. பெட்டியும் தட்டும் அலமாரியும் ஸ்காட்லாந்து வீடுகளில் இல்லாமலா போய்விட்டன?

பேரைத் துரத்தியதில் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டில் பேசுவது 'கெட்ட ஆங்கிலம்' என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைத் திருத்தினார்கள். 1946ல் வந்த அரசுக் கல்வி அறிக்கை ஒன்று, ஸ்காட்ஸ் படித்தவர்களின் மொழியே அல்ல என்றது. பிறகு எந்தப் பிள்ளை வாயில் 'கிஸ்ட்' வரும்?

வெட்கம் தொடாத இடத்தில் சொல் பிழைத்திருக்கிறது. கஞ்சி கிண்டும் மரக்குச்சிக்குப் பேர் 'ஸ்பர்ட்டில்'. கார்பிரிட்ஜ் கிராமத்தில் 1994 முதல் நடக்கும் உலகக் கஞ்சிப் போட்டியில் பரிசே தங்க ஸ்பர்ட்டில்தான்!

2022 கணக்கெடுப்பில் சுமார் 15 லட்சம் பேர் ஸ்காட்ஸ் பேசுவதாகச் சொன்னார்கள். 2025ல் அதற்குச் சட்டப்படி ஆட்சிமொழித் தகுதியும் கிடைத்தது. நல்ல விஷயம். ஆனால் சட்டம் சமையலறைக்குள் வராது. 'கிஸ்ட்' என்று சொல்லும் பிள்ளையை வாத்தியார் திருத்தாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.