உயிர் காக்கும் வலைக்கு உச்சவரம்பு விலை எங்கே?

மூளைத் தமனியின் சுவர் பலவீனமடைந்து பலூன் போலப் புடைப்பதே அனூரிசம். அது வெடித்தால் பலர் உயிரிழக்கின்றனர். பிழைத்தோரில் பலர் முடங்கிப் போகின்றனர். முன்பு மண்டையோட்டைத் திறந்து கிளிப் பொருத்துவதே வழியாக இருந்தது. இன்று தொடைத் தமனி வழியே நுண்குழாயைச் செலுத்தி, புடைப்பைப் பிளாட்டினச் சுருள்களால் அடைக்கின்றனர். இரு முறைக்கும் ஏற்ற, வெடித்த அனூரிசங்களில், ஓராண்டு முடிவில் சுருள் முறையே மேலான பலன் தந்தது என்று 2,143 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2002இல் காட்டியது. அதற்கு நிதி தந்தது பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றம். அதாவது மக்களின் வரிப்பணம்.

கழுத்து அகன்ற, மிகப்பெரிய அனூரிசங்களில் சுருள் மட்டும் நிலைத்து நிற்பது கடினம். அங்கு ரத்த ஓட்டத்தைத் திசைதிருப்பும் ‘ஃப்ளோ டைவர்ட்டர்’ என்னும் நுண்வலைக் குழாய் தேவை. இறக்குமதியாகும் ஒன்றின் விலை 7 முதல் 8 லட்சம் ரூபாய் என்று 2020இல் ஒன்றிய அரசின் அறிவியல் துறையே கூறியது. ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஓராண்டுக்குத் தருவதோ 5 லட்சம்! ஒரு கருவியின் விலைக்கே போதாத காப்பீட்டைத்தான் உலகின் மாபெரும் திட்டம் என்று பறைசாற்றுகின்றனர்.

விலையைக் கட்டுப்படுத்தினால் நவீனக் கருவிகள் வராது என்று பன்னாட்டு நிறுவனங்கள் மிரட்டுகின்றன. சராசரியாக 1 லட்சத்துக்கு மேல் விற்ற, மருந்து பூசிய இதய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அதனால் இதய சிகிச்சை நின்றுவிட்டதா? இல்லை. அப்படியிருக்க, மூளைக் கருவிகளுக்கு உச்சவரம்பு இல்லாதது ஏன்? ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் விலையை ஏற்றக் கூடாது என்பதே இன்றுள்ள தடை. அது கொள்ளையைத் தடுப்பதில்லை. தவணை முறையில் அனுமதிக்கிறது.

இங்கு அறிவுக்கும் பஞ்சமில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், பெங்களூரு தேசிய விமானவியல் ஆய்வகத்தின் நிட்டினால் உலோகக்கலவையைக் கொண்டு இக்கருவியை உருவாக்கியது. பொதுப்பணத்தில் பிறந்த அந்தத் தொழில்நுட்பம் தனியார் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. அதே நகரைத் தலைமையகமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனமான எச்எல்எல் லைஃப்கேரையோ, 2021இல் ஒன்றிய அரசு விற்பனைக்கு வைத்தது. ஆய்வின் செலவு மக்களுக்கு, அறுவடை முதலாளிகளுக்கு!

சுருள்களையும் நுண்வலைகளையும் அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்து உச்சவரம்பு விதிக்க வேண்டும். பொதுத்துறையில் உற்பத்தி தொடங்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் இச்சிகிச்சைக்கான கூடங்களையும் நிபுணர்களையும் உறுதிசெய்ய வேண்டும். இக்கோரிக்கைகளைத் தொழிற்சங்கங்களும் மாதர், வாலிபர் அமைப்புகளும் வீதிக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்டென்டின் விலையைக் குறைக்க முடிந்ததென்றால், இதையும் குறைக்க முடியும்.