பிக்-அப் வண்டியின் ஆயுள் யார் கையில்?

விடியற்காலையில் களியக்காவிளை எல்லையைத் தாண்டி வரும் வண்டிகளைச் சற்று நேரம் கவனித்தால் போதும், திருவனந்தபுரம் நகரம் எதனால் பிழைக்கிறது என்பது விளங்கிவிடும். தோவாளைப் பூவும் வடசேரிச் சந்தைக் காய்கறியும் வாழைத்தாரும் சாலை கடைவீதியை நோக்கிப் போகின்றன. எதிர்த் திசையில் விழிஞம், பூவார், பொழியூர்க் கரைகளில் இறங்கிய மீன், ஐஸ் பெட்டிகளோடு மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் போகிறது. பெரிய லாரி திரும்ப முடியாத கடலோரச் சந்துகளுக்குள்ளும் நுழைந்து இந்தச் சரக்கை ஏற்றி இறக்குபவை ஒரு டன், ஒன்றரை டன் சுமக்கும் டீசல் பிக்-அப் வண்டிகளே. குமரி மாவட்டத்தில் எந்தக் கம்பெனி வண்டியானாலும் ‘டெம்போ’ என்றே அழைப்பது வழக்கம்.

“வண்டிக்காரன் கவலை நமக்கு எதற்கு? நாம் ஆபீசுக்குப் போய் வருகிற குமாஸ்தாக்கள் அல்லவா?” என்று வாசகர்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் அந்த வண்டியின் கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பது யார்? மாதச் சம்பளம் வாங்குகிற மைத்துனரோ, சித்தப்பா மகனோதான். எல்லையின் இருபுறமும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் ஒருவர் வண்டி வாங்கினால் இன்னொருவர் சம்பளச் சான்றிதழ் கொடுப்பது நடைமுறையாகிவிட்டது. வண்டி பட்டறையில் நின்றால் தவணை நிற்கும். தவணை நின்றால் நோட்டீஸ் வருவது ஜாமீன்தாரர் வீட்டுக்கு. ஆகவே இது நம் எல்லோருடைய கவலையும்தான்.

ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். ஏழு லட்சம் ரூபாய் கடன், ஐந்து ஆண்டுத் தவணை, மாதம் சுமார் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பொழுது விடிந்தால் 500 ரூபாய் கடன். டிரைவர் படி, இன்ஷூரன்ஸ், வரி எல்லாம் இதற்கு மேல். இந்த நிலையில் உள்ளவனுக்கு “லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?” என்பதைவிட “வருஷத்தில் எத்தனை நாள் படுத்துவிடும்?” என்பதே பெரிய கேள்வி. விளம்பரங்கள் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கின்றன.

பழைய பாடம்

நீடித்து உழைத்த வண்டி எது என்று பழைய உரிமையாளர்களைக் கேட்டால் மாடடார் என்பார்கள், 407 என்பார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு பாடம் இருக்கிறது.

1980-களில் ஜப்பானியக் கம்பெனிகளின் கூட்டுறவோடு நான்கு இலகு ரக லாரிகள் நம் நாட்டுச் சந்தைக்கு வந்தன. டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிஸ்ஸான், சுவராஜ் மாஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி ஆகியவை அவை. பேர்பெற்ற ஜப்பானிய நுட்பத்தின் முன்னே உள்நாட்டு வண்டி நிற்காது என்றே பலர் எண்ணினர். 1986-ல் டாட்டா கம்பெனி 407 வண்டியைக் கொண்டுவந்தது. பின்னர் நடந்தது என்ன? டி.சி.எம். டொயோட்டா 1990-களின் நடுவில் தென்கொரியாவின் தேவூ கைக்குப் போயிற்று. பிறகு தேவூவே முறிந்தது. ஆல்வின் நிஸ்ஸான் மஹிந்திராவோடு சேர்ந்து தன் பெயரை இழந்தது. ஐஷரும் சுவராஜும் நிலைத்தன. 407 இன்றைக்கும் விற்பனையாகிறது.

டொயோட்டா என்ஜின் மட்டமானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். உலகத்தின் கரடுமுரடான பாதைகளிலெல்லாம் அந்தக் கம்பெனியின் ஹைலக்ஸ் பிக்-அப் உழைத்துப் பெயர் வாங்கியிருக்கிறது. ஆனால் என்ஜின் எவ்வளவு உயர்ந்ததானாலும் தயாரித்தவன் கடையைக் கட்டிவிட்டால் உதிரி பாகத்துக்கு எங்கே போவது? 407-க்கோ கிளட்ச் பிளேட்டும் ஸ்பிரிங் பட்டையும் சின்ன ஊர்க் கடையிலும் கிடைத்தன; அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கை ஒவ்வொரு பட்டறையிலும் இருந்தது. வண்டியின் ஆயுளில் என்ஜினுக்குப் பாதிப் பங்கு என்றால் உதிரி பாகத்துக்கும் மெக்கானிக்குக்கும் மறு பாதி. இதுவே அந்தப் பாடம்.

புதிய வண்டியும் புதிய தொல்லையும்

2005-ல் டாட்டா ஏஸ் வந்தபோது அதன் என்ஜின் வெறும் இரண்டு சிலிண்டர், 702 சி.சி. அளவுள்ளது. எளிய அமைப்பு, ஊர் மெக்கானிக்குக்குப் புரிந்தது. இன்றைய பிக்-அப் வண்டிகள் அப்படியல்ல. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 6 விதி அமலுக்கு வந்தது. டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. டீசலை மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சும் காமன் ரெயில் அமைப்பு, அதை ஆளும் கம்ப்யூட்டர், அதற்குச் செய்தி சொல்லும் சென்ஸார்கள், டி.பி.எஃப். என்று மெக்கானிக்குகள் சொல்லும் புகைக்கரி வடிகட்டி, சில வண்டிகளில் யூரியாக் கரைசல் டாங்கி என்று அடுக்கடுக்காக வந்துவிட்டன.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பழைய டெம்போ கக்கிய கரும்புகையைச் சுவாசித்தவர்கள் நம் பிள்ளைகள்தான். புது என்ஜினுக்கு இழுவை அதிகம், சத்தம் குறைவு. “அந்தக் காலத்து வண்டி போல வருமா?” என்று பெருமூச்சு விடுவதில் பயனில்லை. கேள்வி வேறு. முன்பு கோளாறு வந்தால் மெக்கானிக் காதை வைத்துக் கேட்டுச் சொன்னான். இப்போது கம்ப்யூட்டரைப் பூட்டினால்தான் தெரிகிறது. அந்தக் கம்ப்யூட்டரும் அதைப் படிக்கும் முறையும் பெரும்பாலும் கம்பெனியின் கையில் இருக்கின்றன. பாறசாலையில் முப்பது வருஷமாகப் பட்டறை வைத்திருப்பவர்கூட டாஷ்போர்டில் மின்னும் மஞ்சள் விளக்கின் முன்னே கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த பூவார்க்காரர் ஒருவரின் வண்டி ஒரு சின்ன சென்ஸாருக்காகப் பத்தொன்பது நாள் சர்வீஸ் நிலையத்தில் நின்றது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமல்ல. வாரண்டி இருந்ததால் சென்ஸாருக்குக் காசு கேட்கவில்லை. ஆனால் அந்தப் பத்தொன்பது நாள் தவணையை எந்த வாரண்டியும் கட்டவில்லை. அவருடைய மீன் வியாபாரியும் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்.

நம் பக்கக் குறைகள்

நியாயமாகப் பேசினால், கம்பெனிகளுக்கும் சொல்ல ஒரு கட்சி உண்டு. இந்த வட்டாரத்தில் வண்டியைக் கெடுக்கும் காரணங்கள் நான்கு. நான்கிலும் நம் பங்கு இருக்கிறது.

முதலாவது உப்பு. நெய்யாறு கடலில் கலக்கும் பூவாரில் காற்றிலேயே உப்பு. அதோடு மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் சேஸிஸ் இடுக்குகளில் தங்குகிறது. இரண்டு பருவ மழையும் பெய்கிற ஊரில் அது காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. என்ஜின் நன்றாக இருக்கும்போதே சேஸிஸ் துருப்பிடித்துச் செத்துப்போன வண்டிகள் கடலோரத்தில் ஏராளம். லோடு இறக்கியவுடன் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுவதும், பாடித் தளத்தின் வடிகால் துளைகளை அடையாமல் பார்ப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை அடியில் துருத்தடுப்புப் பூச்சு அடிப்பதும் பெரிய செலவல்ல. பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்காமல், படுத்துக்கொண்டு சேஸிஸைப் பார்ப்பது நலம்.

இரண்டாவது குறுகிய ஓட்டம். புகைக்கரி வடிகட்டியில் சேரும் கரி, வண்டி நிலையான வேகத்தில் சிறிது நேரம் ஓடி, புகைக்குழாய் நன்றாகச் சூடேறினால்தான் எரிந்து தீரும். பூவாருக்கும் விழிஞத்துக்கும் நடுவே நின்று நின்று ஓடுகிற வண்டிக்கு, ஐஸ் ஏற்றும்வரை என்ஜினை அணைக்காமல் வைத்திருக்கும் வண்டிக்கு, அந்தச் சூடு கிடைப்பதில்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்த அன்றே முக்கோலை–காரோடு புறவழிச் சாலையில் அரைமணி நேரம் சீராக ஓட்டினால் பல சமயம் அதுவே வைத்தியம். விளக்கை அலட்சியம் செய்து பத்து நாள் ஓட்டினால் வடிகட்டியையே மாற்ற வேண்டிவரும்.

மூன்றாவது கலப்படம். பழைய பம்பு மண்ணெண்ணெயைத் தாங்கியிருக்கலாம். காமன் ரெயில் பம்புக்கு டீசலின் வழவழப்பே உயிர். மண்ணெண்ணெய் அதைக் கெடுத்துவிடும். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் பம்பையும் நாஸில்களையும் ஒருசேரப் பறிகொடுத்தவர்கள் உண்டு. டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரைத் தவறாமல் திறந்துவிடுவதும் இதைச் சேர்ந்தது.

நான்காவது அதிக பாரம். ஒன்றரை டன் வண்டியில் இரண்டரை டன் ஏற்றினால் முதலில் பட்டை உட்காரும், பிறகு கிளட்ச் போகும், கடைசியில் என்ஜின் சூடேறி கேஸ்கட் போகும். 2019 திருத்தச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஒரு டிரிப்பில் கிடைக்கும் உபரி வாடகையை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

கம்பெனிகளின் கடமை

உரிமையாளர் இவ்வளவும் செய்தாலும் பாகம் கிடைக்காவிட்டால் வண்டி நிற்கத்தான் செய்யும். இங்கேதான் அரசாங்கம் தலையிட வேண்டும்.

சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன் பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும் என்று சட்டம் கண்டிப்பாகச் சொல்கிறது. 2022 ஏப்ரல் முதல் பழைய வண்டிகளுக்குக் கட்டணமும் உயர்ந்தது. நல்லது, சாலையில் ஓடும் வண்டி ஒழுங்காக இருக்க வேண்டும். ஆனால் வண்டியை ஒழுங்காக வைத்திரு என்று உரிமையாளரைக் கண்டிக்கிற சட்டம், அதற்கு வேண்டிய பாகங்களைப் பதினைந்து ஆண்டுக்குக் குறையாமல் கொடு என்று தயாரிப்பாளரையும் கண்டிக்க வேண்டாமா? கோளாறைக் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர் முறைகளை நியாயமான கட்டணத்தில் ஊர்ப் பட்டறைகளுக்கும் கொடு என்று சொல்ல வேண்டாமா?

மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ குறித்து ஒரு குழு அமைத்தது. மோட்டார் வாகனமும் அதன் வரம்பில் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இதற்கென இணையதளம் ஒன்றும் தொடங்கப்பட்டது. தகவல் தருவதோடு இது நின்றுவிடலாகாது. பாகம் குறித்த நாளில் வராவிட்டால், வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஈடு தர வேண்டும் என்ற விதி வந்தால்தான் கம்பெனியின் கிடங்கில் சென்ஸார் இருக்கும்.

இது நடக்காத காரியமல்ல. அமெரிக்காவில் கனரக டீசல் பிக்-அப்களிலும் லாரிகளிலும் யூரியா அமைப்பில் கோளாறு வந்தால் கம்ப்யூட்டரே வண்டியின் வேகத்தைக் குறைத்துவிடும். விவசாயிகளும் வண்டிக்காரர்களும் விடாமல் முறையிட்டார்கள். அதன் பேரில் 2025 ஆகஸ்டில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், வண்டி திடீரென்று வேகம் இழக்காதபடி அந்த ஏற்பாட்டைத் திருத்துமாறு தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. பிள்ளை அழுதால்தான் பால்.

சட்டத்தில் ஒரு வாசல்

நம்மவர்கள் பலர் அறியாத விஷயம் ஒன்று. “தொழிலுக்கு வாங்கிய வண்டிக்கு நுகர்வோர் கோர்ட்டில் வழக்குக் கிடையாது” என்று சொல்லித் திருப்பி அனுப்புவது உண்டு. இது அரை உண்மை. வியாபார நோக்கத்துக்காக வாங்கிய பொருளுக்குப் பாதுகாப்பு இல்லை என்பது சரிதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் அந்த விலக்கில் சேராது என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்ற கொள்கையை 1995-லேயே சுப்ரீம் கோர்ட் விளக்கியிருக்கிறது. வழக்கைக் கம்பெனியின் ஊருக்குப் போய்த் தொடுக்க வேண்டியதுமில்லை. குடியிருக்கும் இடத்தில் அல்லது வேலை செய்யும் இடத்தில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே தொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது.

இதற்கு அத்தாட்சி வேண்டும். நம்மில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஆயில் மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், பட்டறைக்குள் வண்டி போன நாள், வெளியே வந்த நாள், வாங்கிய பாகம், பில் நம்பர் அனைத்தையும் எழுதி வரவேண்டும். இந்த இடத்தில் குமாஸ்தா உறவினர் கைகொடுக்கலாம். ஜாமீன் கையெழுத்தோடு நிற்காமல் மாதம் ஒருமுறை அந்த நோட்டையும் பார்த்து வைத்தால் மைத்துனருக்கும் நல்லது, அவர் சம்பளத்துக்கும் நல்லது.

புது வண்டிக்குக் கையெழுத்துப் போடுமுன் விற்பனையாளரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்க வேண்டும். நெய்யாற்றின்கரைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே சர்வீஸ் நிலையம் எங்கே இருக்கிறது? பம்பு, நாஸில், சென்ஸார் கேட்டால் எத்தனை நாளில் வரும்? இந்த மாடல் நின்றுபோனால் பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும்? பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் தள்ளுபடி எவ்வளவு கிடைத்தாலும் அந்த வண்டி நமக்கு வேண்டாம்.

தனி ஒருவர் கேட்டால் கம்பெனி காது கொடுக்காது. பாறசாலை, பூவார், கொல்லங்கோடு வட்டார வண்டிக்காரர்கள், மலையாளி என்றும் தமிழர் என்றும் பாராமல் ஒன்றுகூடி, வண்டி நின்ற நாட்களின் கணக்கைச் சேர்த்து மத்திய நுகர்வோர் துறைக்கு அனுப்பினால் அதற்கு மதிப்பு உண்டு. அதற்கான முயற்சியை இந்த வட்டாரத்து வண்டிக்காரர் சங்கங்கள் இப்போதே தொடங்க வேண்டும்.